வாய் நனைத்த துப்பாக்கி

"அப்பா, ஒரு தடவகூடச் சுட்டதே இல்லன்னா, இது துப்பாக்கின்னு எப்படிப்பா தெரியும்?"

பிருந்தா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அன்று ஆயுத பூஜை. மண்வெட்டிக்கும் பம்புசெட்டுச் சாவிக்கும் நடுவில் துப்பாக்கியும் பலகைமேல் இருந்தது. சங்கரபாண்டியன் சிரித்துக்கொண்டே கையில் மிஞ்சிய சந்தனத்தை மகளின் நெற்றியில் தொட்டு வைத்தார்.

அறுபது வருஷத்துக்கு முன் அவருடைய தந்தை மதுரையில் வாங்கிய வெளிநாட்டுத் துப்பாக்கி அது. ஒன்றைச் சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் என்பதால் திருச்சுழிப் பக்கத்தில் எல்லோரும் அதை ஆட்டோமேட்டிக் என்றே சொன்னார்கள். உரிமத்தில் 'பயிர்ப் பாதுகாப்புக்காக' என்று எழுதியிருந்தது. ஆனால் அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே சங்கரபாண்டியனின் தாய் சுந்தராம்பாள், உயிரைக் கொல்லும் சாமான் இருக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று படுத்துவிட்டார். இரண்டு நாள் பட்டினி. மூன்றாம் நாள் தந்தை அதைச் சாமி அறையில் வைத்தார். ஒரு தோட்டாகூட அதில் ஏறவில்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. ஆயுத பூஜைதோறும் துப்பாக்கிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சாமிக்கு வைத்த பொட்டை அழிக்கக் கூடாது என்பதால் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. பிறகு அதன் குழாய்க்குள் கோயில் தீர்த்தம் ஒரு கரண்டி விடுவார்கள். அதற்கு இரத்தத் தாகம் எடுக்கக் கூடாது, வாய் நனைந்தே இருக்க வேண்டும் என்பது சுந்தராம்பாள் சொன்னது. அவர் போன பிறகு மருமகள், பிருந்தாவின் தாய் ராமலட்சுமி அதை ஒரு வருஷமும் தவறவிடவில்லை.

அந்த ராமலட்சுமிக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு நாள் காரியாபட்டி வழியாக மதுரைக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தாள். அவளுடைய தம்பி தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தரச் சம்மதித்திருந்தார். அறுவைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். பணம்தான் இல்லை. விற்கத் தகுந்த நிலம் ஏற்கெனவே போய்விட்டது. அப்போதுதான் மதுரையில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மாரீஸ்வரன், கோயம்புத்தூரில் பழைய துப்பாக்கிகளைச் சேர்த்துவைக்கும் ஒருவருக்காகக் கேட்டு வந்தார். இந்த ரகம் கிடைப்பது அரிது என்றார். ஒருமுறைகூடச் சுடாதது என்றால் கேட்ட விலை கிடைக்கும், அறுவைக்குப் போதும். சுட்டது என்றால் அந்தக் கோயம்புத்தூர்க்காரர் தொடவே மாட்டார். சனிக்கிழமை தானே மறுபடி வந்து துப்பாக்கியைச் சோதித்துப் பார்ப்பதாக மாரீஸ்வரன் சொன்னார்.

அதற்கு முந்தின திங்கட்கிழமை மத்தியானம் பால்சாமி வந்து நின்றான். சங்கரபாண்டியனிடம் மிஞ்சியிருந்த மூன்று ஏக்கரை, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுகிறவன். மானாவாரி மக்காச்சோளம் அந்த வருஷம் அதிசயமாக வந்திருந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது.

"அண்ணே, ஒரே ஒரு வெடி. வானத்தப் பாத்துப் போடுங்க. பன்னி சாக வேணாம், பயந்தாப் போதும்."

"பட்டாசு போட்டியா?"

"போட்டேண்ணே. மொத நா ஓடுச்சு. ரெண்டாம் நா நின்னு கேட்டுச்சு. நேத்து சத்தங் கேட்டுக் குட்டிகளையுங் கூட்டிக்கிட்டு வந்துருச்சு. திருவிழான்னு நெனச்சிருச்சு போல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் சங்கரபாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது சுடாம இருந்தாத்தான் வெல, பால்சாமி. ஒண்ணு போட்டாலும் கொழாயப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாகளாம். ஒங்க மதினி ஆப்பரேசனு அதுலதான் இருக்கு."

மூன்று ஏக்கர் சோளமும் பால்சாமி முகத்தில் வந்து போனது. பிறகு துண்டை உதறித் தோளில் போட்டான்.

"மதினிக்குன்னா வேணாம்ணே. சோளம் அடுத்த வருசமும் வெளையும்."

அடுத்த வருஷம் மழை வரும் என்று அவனுக்கும் நம்பிக்கை இல்லை. இருந்தும் சொன்னான். போகிறபோது அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "மதினி, வாரேன்" என்றான்.

சனிக்கிழமைக்குள் பாதி வயல் போய்விட்டது.

மாரீஸ்வரன் காலையில் வந்தார். செருப்பை வாசலில் விட்டார், துப்பாக்கியைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியைப் பதவிசாக அவிழ்த்தார். காய்ந்து இறுகியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். சந்தனம் பெயர்ந்து வந்த இடத்திலெல்லாம் இரும்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள என்னம்மா ஊத்துனீக?"

"தீர்த்தம்" என்றாள் ராமலட்சுமி.

அவர் திட்டவில்லை. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "சுட்ட துப்பாக்கியாயிருந்தா எண்ணெ போட்டுத் தொடச்சிருப்பீக. சுடாததுனால யாருமே தொடைக்கல. உள்ளுக்குள்ள துருவேறி ரொம்ப வருசமாச்சுய்யா. எங்காளுக்கு இது ஆகாது."

"சரி, இப்ப சுடவாச்சும் சுடலாமா?" என்று கேட்டார் சங்கரபாண்டியன்.

"வேணாங்கய்யா. கொழா பிளந்து கையக் கொண்டுபோயிரும். ஸ்டேசன்ல ஒப்படைச்சுருங்க. உருக்கிருவாக."

கார் வாடகையை அவர் வாங்க மறுத்துவிட்டார். போகும்முன் துப்பாக்கியைப் பழையபடியே துணியில் சுற்றி, இரண்டு கையாலும் தூக்கிப் பலகையில் வைத்தார்.

அவர் போன பிறகு ராமலட்சுமி, "நாந்தானே ஊத்துனேன்" என்றாள்.

"எங்கம்மா ஊத்துனா, நீ ஊத்துன. நான் பக்கத்துல நின்னு வெளக்குப் புடிச்சேன். விடு."

மருத்துவமனைக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னார். எதுவரைக்கும் என்று மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள். தெரியலம்மா என்றார். திங்கட்கிழமை காலையில் காவல் நிலையத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து, எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்.

மனைவியைப் பற்றிய துக்கம் பெரியது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்கடியில் சின்னதாக இன்னொன்று அறுத்துக்கொண்டே இருந்தது. எப்போதோ செத்துப்போன ஓர் இரும்பைக் காப்பாற்றுவதற்காகப் பால்சாமியின் சோளத்தைப் பன்றிக்கு விட்டிருந்தார். அவனும் அதைச் சரி என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் மனைவியிடம், "பழைய சேல இருந்தாக் குடு" என்றார்.

பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிச் சேலை கட்டுவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நிற்கிற பயிரில் பன்றி இறங்கும் பக்கத்தை மட்டும் மறைக்கவே பத்துச் சேலையாவது வேண்டும். பால்சாமி வீட்டில் அத்தனை சேலை கிடையாது.

ராமலட்சுமி யாருக்கு என்று கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பழையதில் ஆறு எடுத்தாள். பிறகு கட்டாத நல்ல சேலைகளில் ஐந்தை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இது நல்ல சேலைல்ல?"

"நான் இனி எத்தன விசேசத்துக்குப் போகப்போறேன்? கொண்டு போங்க."

பால்சாமி ஆடு பார்க்க நரிக்குடிக்குப் போயிருந்தான். உச்சி வெயிலில் பொட்டலில் ஓர் ஆள் இல்லை. சங்கரபாண்டியன் குச்சிகளை ஊன்றி, மிஞ்சி நின்ற ஒன்றரை ஏக்கரில் பன்றி இறங்கும் பக்கமாக ஒவ்வொரு சேலையாக இழுத்துக் கட்டினார். சாமியிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கடைசி முனையைக் கட்டியதும், புழுதியில் பதிந்திருந்த தன் காலடிகளை ஒரு வேலிக்கிளையால் கலைத்துவிட்டார். பால்சாமி வரும் பஸ் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள், ஓடைப் பக்கமாகச் சுற்றி வீட்டுக்கு நடந்தார்.