பூசணத்தின் இனிப்பு

சுருளிவேலின் மூக்குக்குப் போடி ஏலக்காய்க் கடைகளில் தனி மரியாதை. ஒரு காயை நசுக்கி முகர்ந்தால் போதும், மூட்டைக்குள் எங்கேயோ பூசணம் பிடித்துக் கிடந்தாலும் சொல்லிவிடுவான். அந்த மூக்கை நம்பித்தான் பிச்சைமணி முதலாளி, போடிமெட்டுக்கு மேலே தான் புதிதாக வாங்கிய எஸ்டேட்டுக்கு அவனை ஜீப்பில் கூட்டிப்போனார். அங்கே ஸ்டோரில் காய் தரம் பார்க்க ஆள் வேண்டும். மாதச் சம்பளம், ஓட்டு வீடு. கடை கடையாக மூட்டை முகர்ந்தே நாற்பதைத் தொட்டவனுக்கு அது பெரிய விஷயம்.

எஸ்டேட்டை விற்ற வெள்ளைக்காரத் துரை மறுநாள் சீமைக்குக் கிளம்ப இருந்தார். காய் பார்க்கிறவன் மது பார்ப்பானா என்று அவருக்கு ஒரு விளையாட்டு. மெட்டுக்கு அந்தப் பக்கம், மலையாள எல்லைக்குள், மதுவிலக்கும் கிடையாது. இரண்டு கிளாசில் திராட்சை மதுவை ஊற்றி, எது உசத்தி என்று கேட்டார்.

முதல் கிளாசில் புதுப் பழ வாசனை. குற்றமில்லை. இரண்டாவது தேன் நிறம். சாய்த்தால் எண்ணெய் போல ஒட்டி இறங்கியது. முகர்ந்தான். தேன், காய்ந்த நாரத்தைத் தோல், அடியில் சன்னமாகப் பூசணம். ஒரு வாய் குடித்தான். நல்ல இனிப்பு, திகட்ட விடாத புளிப்பு. நாக்கு இன்னும் கேட்டது, மூக்கு வேண்டாம் என்றது. இத்தனை வருஷம் சோறு போட்டது மூக்குதான்.

"இது பூசணம் புடிச்ச பழம் மொதலாளி. கீழ ஊத்திருங்க."

துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். பூசணம் சரிதானாம். பழத்தைக் கொடியிலேயே வேண்டுமென்று பூசணம் ஏற விடுவார்களாம். பழத்தின் தண்ணீர் வற்றி இனிப்பு இறுகுமாம். முதல் மது பத்துப் புட்டி கொடுத்தாலும் இதில் ஒன்று கிடைக்காதாம்.

"அப்ப இவன் சொன்னது சரியா, தப்பா?" என்றார் பிச்சைமணி.

இரண்டும்தான் என்றார் துரை.

பிச்சைமணி முகம் கறுத்து அவனை ஸ்டோருக்கு இழுத்துப்போனார். ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டினார். ஒரு காயை நசுக்கியதுமே பூசணம் மூக்கில் ஏறியது. அந்த வாடை யாருக்கும் தெரியும். சுருளிவேல் அதோடு நிறுத்தவில்லை. காய்க்குள் இருந்த ஏலரிசியை நாக்கில் வைத்து மென்றான். இன்னொரு காயை எடுத்தான்.

"என்னப்பு, சொல்லு."

"பூசணம்தான் மொதலாளி. ஆனா..."

"ஆனா என்ன?"

சுருளிவேல் அந்தக் காயின் அரிசியையும் வாயில் போட்டு இனிப்பைத் தேடினான்.

"ஆனா போடுற ஆளு எனக்கு எதுக்கு? ஜீப்பு கீழ போகுது, வெரசா ஏறு."

வளைவு வளைவாக ஜீப் இறங்கியபோதும் அந்த ஏலரிசி வாயில்தான் இருந்தது. கசந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான்.