கல்லில் காணாத குஞ்சுகள்

காலையில் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு முன்னறைக்கு வந்து மீன்தொட்டியைப் பார்த்தேன். நேற்றுப் பொரிந்து கல்லில் ஒட்டிக்கொண்டு நெளிந்த குஞ்சுகளில் ஒன்றுகூட இல்லை. தாய்மீன் மட்டும் ஒன்றும் அறியாதவள் போல மூலையில் நின்றாள். தீனி போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வயிறு நிறைந்தவளுக்கு எதற்குத் தீனி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீன் என் கணவர் ஜெனித்துக்குப் பிடித்த பைத்தியம். குழித்துறையில் அலுமினியக் கதவு செய்யும் பட்டறையை மூடிவிட்டு வந்தால், கட்டினவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைப் பார்க்கிற மனிதர். எங்கள் தொட்டியில் இருப்பது செவரம். அந்த ஒரே பெயரில் கடைகளில் இரண்டு மூன்று இனங்களை விற்கிறார்களாம். எல்லாம் கூடப்பிறந்ததுகள் போலத்தான் இருக்கும். இந்த ஜோடியின் போட்டோவைப் பார்த்துவிட்டு அவரைப் போலவே மீன் வளர்க்கும் கூட்டுக்காரர் தாணு போனில் சொன்னார்: "மக்கா, கோடு பாத்தா இது வேற இனம் போல இருக்குலே." ஜெனித் சிரித்தார். "அசலெல்லாம் நம்ம ஊருக்கு எங்கலே வருது? இது சாதாரண ஐட்டமாக்கும்." அவர்கள் கோட்டையும் புள்ளியையும் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

ஆனால் முட்டையிட்டதும் ஆண்மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய நாளிலிருந்து நானும் தொட்டி முன்னால்தான் கிடந்தேன். போன மழைக்காலத்தில் எனக்கு நாலாம் மாதத்தில் கலைந்துபோனது. "வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு சிதறால் மலையில ஏறினா தங்குமா?" என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். மலையேறியதால் இல்லை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். ஜெனித் ஒன்றுமே சொல்லவில்லை. மாமியார் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். இவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல்தான் நான் இத்தனை மாதமும் இவர் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன்.

"பெத்தவளே தின்னுட்டா. இவள இதுலேருந்து மாத்துங்க," என்றேன் ஜெனித்திடம்.

"முதல் தடவல்லா, பெபி. பயந்தா தின்னுபோடும்," என்றபடி வலையை எடுத்தார். அவள் கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையில் புகுந்து புகுந்து ஓடினாள். பிடித்து வாளியில் விட்டதும் மூச்சு வாங்குவது போல வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து கடுகு கடுகாகக் குஞ்சுகள் கொட்டின. எல்லாம் உயிரோடு துடித்தன.

ஜெனித் வலையைக் கீழே போட்டார்.

"ஐயோ, தாணு சொன்னதாக்கும் சரி. இது மற்ற இனம். பொரிஞ்ச குஞ்ச வாய்க்குள்ள வச்சாக்கும் வளக்கும். அதான் தீனி எடுக்கல்ல. நான் வெரட்டினதுல துப்பிட்டா."

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்கமாட்டேன் என்று தோன்றியது.

"நானும் அப்படித்தான்னு நெனச்சீங்களா? மலையில ஏறிக் கொன்னேன்னு?"

அவர் வாளிக்குப் பக்கத்தில் குந்தினார். இட்லிப் பானை கொதித்து மூடி தடதடத்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"கொஞ்ச நாளு நெனச்சேன், பெபி," என்றார்.

குஞ்சுகள் வாளியின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து நெளிந்தன. தாய்மீன் ஓரத்தோடு ஒட்டி, செவுள் மூடித் திறக்க, வெகுநேரம் அசையாமல் நின்றாள். பிறகு மெல்லத் தலையைத் தாழ்த்திக் குஞ்சுகளை நோக்கி இறங்கத் தொடங்கினாள்.