மிளகு தலை சாய்க்கும் பக்கம்

எங்கள் நாய் மிளகு எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறதோ, வீடும் அந்தப் பக்கம் சாயும். இத்தனைக்கும் எடை இரண்டரைக் கிலோதான். திண்டுக்கல்லில் வாடகைக்கு வீடு பிடிக்கும்போதே ஓனரிடம் சொல்லிவிட்டேன். "தரைத் தளம்தானே, பரவாயில்ல" என்றார்.

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் மிளகு தலையைச் சாய்க்கும். வீடும் ஒரு விநாடி சாய்ந்து நிமிரும். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் மிளகுக்குப் பத்து வயதான ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வீடு இடப்பக்கம் சாய்ந்தது, நிமிரவே இல்லை. என் மனைவி செண்பகம் கல்லில் ஊற்றிய தோசை மாவு ஓரமாக ஓடி அடுப்பில் வழிந்தது.

"ஏங்க, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுங்க" என்றாள்.

கால்நடை டாக்டர் ஹமீதா வீட்டுக்கே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நடக்க முடிந்தது. மிளகின் கண்ணில் டார்ச் அடித்தார். பாதத்தை மடக்கி வைத்து, அதுவாக நேராக்குகிறதா என்று பார்த்தார். பிறகு கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துக் குமிழியைக் கவனித்தார்.

"மூளை நரம்புல கோளாறு சார். மாத்திரை தர்றேன். தலை சாயட்டும், வட்டம் சுத்தட்டும், அதோட வாழ்ந்துடலாம். வலிப்பு மட்டும் வரக்கூடாது. வந்தா இந்த வயசுல தாங்காது. கண்ண எடுக்காம பாத்துக்கங்க."

அன்றிலிருந்து முறை போட்டுக் காவல் இருந்தோம். காலையில் நான், மதியத்துக்கு மேல் அவள். மிளகு வட்டம் சுற்றினால் வீடும் கூடவே சுற்றியது. சமையலறை ஒருநாள் கிழக்கே இருக்கும், மறுநாள் மேற்கே. "வாசல் எங்கன்னு தேடுறதே என் பொழப்பாப் போச்சு" என்று தபால்காரர் சிடுசிடுத்தார். அவர் கிடக்கிறார். எனக்கு வலிப்பை நினைத்துத்தான் பயம். ஆபீசுக்கு லீவு போட்டேன். எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அது போய்விட்டால், நிமிர்ந்து நிற்கிற வீட்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்திருந்தோம். மிளகு பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. திடீரென்று நாலு கால்களும் உதறின. உதடு துடித்தது. வீடு தடதடவென்று ஆடத் தொடங்கியது. பாத்திரங்கள் உருண்டன, காலண்டர் ஆணியோடு விழுந்தது. "ஐயோ, என் கண்ணு" என்று செண்பகம் அலறினாள். டாக்டருக்குப் போன் போட்டேன்.

"தொடாதீங்க சார். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. வலிப்புன்னா காதுல விழாது."

குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டேன். உதறல் நிற்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை, உரக்க, "மிளகு!" என்றேன்.

கால்கள் நின்றன. வீடும் நின்றது. மிளகு ஒரு கண்ணைத் திறந்து, ஏன்டா கத்துறே என்பதுபோல என்னைப் பார்த்தது. வாலை ஒருதடவை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"அப்ப கனவுதான் சார். எதையாவது துரத்திட்டு ஓடியிருக்கும். ஒண்ணுமில்ல, விடுங்க" என்றார் டாக்டர்.

செண்பகம் என் தோளில் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன். அந்த நேரம் பார்த்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தேன். எதிரே திண்டுக்கல் இல்லை, கடல். ஈர லுங்கியோடு ஒருவர் மணலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் படகைப் பிடித்துக்கொண்டு அலையில் காத்திருந்தார்கள்.

"அண்ணே, வீட்டக் கொஞ்சம் தள்ளி எடுங்க. படகு ஏத்தணும்."

செண்பகம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தாங்க அசந்து தூங்குது. அடுத்த கனவு வந்ததும் எடுத்துடறோம்."

"சரிக்கா" என்றார் அவர். அலையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, சத்தம் போட வேண்டாம் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.