பாதிக் கிணறு

தம்பியைப் போதை சிகிச்சை மையத்து வண்டியில் ஏற்ற டிரைவரம்மாவுக்கு ஒரு மழைக்காலமே பிடித்தது. மற்றவர்களை ஏற்றுவது அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. பாலத்தடியில் படுத்திருப்பவன், பஸ் நிலையக் கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்பவன், வலி மாத்திரை எழுதித் தரும் டாக்டரைத் தேடி ஊர் ஊராக அலைந்த டீச்சர் என்று எல்லோரிடமும் அவள் ஒன்றைத்தான் சொல்வாள். "நானும் இதே மாத்திரையில கிடந்தவதான். இப்ப என் கையைப் பாருங்க, நடுங்குதா?" கையைப் பார்த்துவிட்டு முக்கால்வாசிப் பேர் ஏறிவிடுவார்கள். கூடப் பிறந்தவனிடம்தான் அந்தக் கை செல்லுபடியாகவில்லை.

அவன் டைல்ஸ் பதிக்கிறவன். சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை, எலும்பு கூடிய பிறகும் அவனை விடவில்லை. டாக்டர் சீட்டுக்குக் கிடைத்தவரை மாத்திரை, கிடைக்காத நாளில் தெருவில் விற்கும் பொடி. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருமுறை தனியார் விடுதி ஒன்றில் சேர்ந்தான். கையில் இருந்தது தீர்ந்ததும் அவர்கள் பையை வாசலில் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு உடம்பு முறுக்கிப் பிழிந்தெடுத்ததை அவன் மறக்கவே இல்லை. "பாதிக் கிணறு தாண்டச் சொல்றவங்ககிட்ட இனிமே போகமாட்டேன்" என்பான். கிண்டலுக்கும் குறைவில்லை. வண்டியைத் தெருமுனையில் பார்த்தாலே, இன்றைக்கு யார் தலையில் மிளகாய் அரைக்க வந்திருக்கிறாள் என்று கேட்பான்.

அந்த வருஷம் ஊரில் சாவு மேல் சாவு. பொடியில் எதையோ கலந்து விட்டிருந்தார்கள். அரசாங்கம் அவசர நிதி ஒதுக்கியது. மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிகிச்சை மையத்துக்கும் அதில் ஒரு பங்கு வந்தது. வாடகைக்கு வேன் எடுத்தார்கள், ஒரு நர்ஸைப் போட்டார்கள், மருந்தை இலவசமாகக் கொடுத்தார்கள். தினமும் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை அது. உடம்பின் அரிப்பை அடக்கி ஆளை வேலைக்கு அனுப்பிவிடும். ஆனால் வருஷக்கணக்கில் எடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் பழையபடி முறுக்கும். அப்போது பழைய அளவுப் பொடியை எடுத்தால் உடம்பு தாங்காது.

மையத்தை நடத்தியவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவரம்மாவுக்கு அவள் அக்காவுக்கும் மேல். குளியலறைத் தரையில் உதடு நீலம் பாரித்துக் கிடந்த இவள் மூக்கில் போதையை முறிக்கும் மருந்தை அடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை மடியில் போட்டுக்கொண்டு மூச்சுக் கொடுத்தவள். பிறகு வேலையும் கொடுத்தவள். அதனால்தான் தம்பியின் பயத்தை அப்படியே அவளிடம் கொண்டுபோய் வைத்தாள்.

"நடுவுல நிறுத்திட மாட்டீங்கல்லக்கா?"

பெரியக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இருக்கேன்ல?"

இதற்குமேல் என்ன வேண்டும்? டிரைவரம்மா நேரே தம்பியிடம் போய், நிற்காது, நான் பொறுப்பு என்றாள். அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

மருந்து அவனுக்கு ஒத்துக்கொண்டது. முகத்தில் சதை வைத்தது. மையத்தின் குளியலறைத் தரை பெயர்ந்து கிடப்பதைப் பார்த்து, சும்மா வாங்கித் தின்ன உடம்பு கூசுகிறது என்று சொல்லித் தானே டைல்ஸ் பதித்துக் கொடுத்தான். கட்டட வேலைக்குத் திரும்பவும் கூப்பிட்டார்கள். ஒருநாள் மனைவி குழந்தையோடு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள். டீச்சர் டியூஷன் ஆரம்பித்தாள். வண்டியில் பின்சீட்டில் உட்கார்ந்து, டிரைவரம்மா பிரேக் போடும் விதத்துக்கு மார்க் போடுவாள். பாஸ் மார்க் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஒருநாள் நர்ஸ் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போது, வெளியூரில் வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னாள். டிரைவரம்மா, அப்படியானால் இங்கே யார் வருவார்கள் என்று கேட்டாள்.

"யார் வரணும்? மாசக் கடைசியோட நிதி முடியுதே. ஆரம்பத்துலயே அவ்வளவுதான்னு சொல்லித்தானே என்னை எடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

டிரைவரம்மா வண்டியை ஓரங்கட்டினாள். பின்னால் ஹாரன் அடித்தவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

மேல்மாடிக்குப் போனபோது பெரியக்கா ஜன்னலோரம் நின்று போனில் யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தாள், நிதியை நீட்டிக்கச் சொல்லித்தான். போனை வைத்ததும் டிரைவரம்மா கேட்டாள். பெரியக்கா மறைக்கவில்லை. ஆமாம், முதல் நாளே தெரியும். நடுவில் நீட்டிப்பார்கள் என்று நம்பினேன். தெரிந்தால் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். இத்தனை மாதம் உயிரோடு இருந்தார்களே, அது சும்மாவா என்றாள்.

"அதை அவங்கதானேக்கா முடிவு பண்ணணும்?"

"செத்தவங்க என்னத்த முடிவு பண்றது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "உன்கிட்ட சொல்லியிருந்தா உனக்குப் பொய் சொல்ல வந்திருக்காது. உன்னை நம்பித்தான் எல்லாரும் ஏறினாங்க."

டிரைவரம்மாவுக்கு அப்போதுதான் முழுதும் உறைத்தது. இத்தனை நாளும் அவள் ஓட்டியது வண்டியை மட்டுமில்லை. அவள் நடுங்காத கையைத் தூண்டிலில் இரையாக மாட்டியிருக்கிறார்கள். உயிர் கொடுத்தவளே கழுத்தையும் அறுத்தால் யாரிடம் போய் அழுவது? அவள் படியிறங்கினாள்.

அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒருத்தன் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினான். ஒருத்தி அழுதாள். டீச்சர் மட்டும், பரவாயில்லை, நீங்களாவது வந்து சொன்னீர்களே என்றாள். தம்பி, பதிக்க எடுத்த டைல்ஸைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டான். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.

இதே மருந்தைக் கொடுக்கும் அரசு ஆஸ்பத்திரி ஒன்று தூரத்தில் இருந்தது. அங்கே காத்திருப்போர் வரிசை நீளம். வேனைத் திருப்பிக் கொடுத்தபின் டிரைவரம்மா பஸ்ஸில் அங்கே போய் நின்றாள். டாக்டர் வரும் வழியில் நின்றாள், கிளார்க்கின் ஏச்சுக்கும் நின்றாள். ஒவ்வொருவராக இடம் வாங்கினாள். தம்பிக்குக் கிடைத்தது. டீச்சருக்குக் கிடைப்பதற்குள் காலம் முந்திக்கொண்டது. டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

டீச்சரின் அடக்கத்துக்குப் பெரியக்காவும் வந்திருந்தாள். டிரைவரம்மா அவள் இருந்த திசைக்கே முகம் கொடுக்கவில்லை. கூட்டம் கலையும்போது தம்பி பக்கத்தில் வந்து நின்றான். அத்தனை நாளில் அன்றுதான் வாய் திறந்தான்.

"நடுவுல நின்னுடும்னு எனக்குத் தெரியும்க்கா. நீ சொன்னியேன்னுதான் தெரியாத மாதிரி ஏறினேன்."

அவளை அவன் திட்டியிருந்தால் தேவலை. அவன் இன்னும் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறான். கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுவான்.

டிரைவரம்மா ஒரு காய்கறி லாரி ஓட்டப் போனாள். வெயில் தொடங்கிய சமயத்தில் பெரியக்காவிடமிருந்து போன் வந்தது. புது நிதி கிடைத்திருக்கிறது, வேன் ஓட்ட வருவாயா என்றாள். குரல் முன்னைப்போல் இல்லை, தேய்ந்திருந்தது.

"எவ்வளவு காலத்துக்கு?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆறு மாசம். அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது."

ஏறும் ஒவ்வொருவரிடமும் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன், பாதிப் பேர் வராமல் போனாலும் சரி என்றாள் டிரைவரம்மா. பெரியக்கா ஒப்புக்கொண்டாள். திங்கட்கிழமை வந்துவிடு என்றாள்.

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் டிரைவரம்மா.