லவர்னின் முழங்கால், ஆர்லிஸின் வாய்

எங்கள் தெரு லவர்ன் கோஸ்மால்ஸ்கிக்கு வாய் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் அவர் சாப்பிடுவது மட்டும்தான். பேசுகிற வேலையைக் கல்யாணமான நாளிலிருந்தே அவர் மனைவி ஆர்லிஸ் எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஓட்டலுக்கு மீன் சாப்பிடப் போனால், பரிமாறுகிறவள் லவர்னைப் பார்த்துக் கேட்பாள். "இவனுக்கு காட் மீன், பொரிச்சது" என்பாள் ஆர்லிஸ். அவர் தலையாட்டுவார். வீடு, வண்டி எல்லாம் இப்படி வாங்கியவைதான்.

போன குளிர்காலத்தில் அவர் முழங்கால் அடியோடு தேய்ந்து, நிலவறைப் படியில் பின்பக்கமாக இறங்க ஆரம்பித்தார். ஜனவரியில் அறுவைக்கு நாள் குறித்தாள் ஆர்லிஸ். பனியில் அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பதால் கார் ஓட்டியது நான். ஆஸ்பத்திரியில் லவர்னைக் கட்டிலில் படுக்கவைத்து, அவருடைய பல்செட்டை டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்கள்.

டாக்டர் ப்ரீபி வந்தார். நல்ல உயரமான பெண். "லவர்ன், இன்னிக்கு என்ன செய்யப் போறோம்னு உங்க வார்த்தையில சொல்லுங்க பாக்கலாம்."

"வலது முழங்கால்," என்றாள் ஆர்லிஸ். "தேஞ்சதை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறீங்க."

"அவர் சொல்லணும்."

"அவன் சொல்றதைத்தான் நான் சொல்றேன்."

"லவர்ன்?"

லவர்ன் கூரையைப் பார்த்தார். "வேண்டாம்" என்றார்.

"அவன் வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்," என்றாள் ஆர்லிஸ். "அந்தச் சம்மதப் படிவத்தைக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன். வீட்டுக்கும் வண்டிக்கும் போட்டவதானே?"

"அது ஒப்பந்தம், ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. முழங்கால் அவரோடது மட்டும்தான். அவர் தெளிவா இருக்கிறவரைக்கும் உங்க கையெழுத்து செல்லாது. வேண்டாம்னவர் மேல கத்தி வெச்சா, எவ்வளவு அழகா வெட்டினாலும் சட்டப்படி நான் அவரை அடிச்ச மாதிரி."

"அவன் தெளிவா இருக்கான்னு யார் சொன்னா?"

டாக்டர் எங்கள் இருவரையும் திரைக்கு வெளியே அனுப்பினார். துணித் திரை. அதற்கு ரகசியம் காக்கத் தெரியாது.

"இன்னிக்கு விட்டா இனி வரவே மாட்டான்," என்றாள் ஆர்லிஸ். "படியில உருண்டு விழுவான், பாரு." உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. லவர்னுடையதுதான் என்று புரியவே எனக்குக் கொஞ்சம் நேரமானது.

"என் அண்ணன் எட்வினை இப்படித்தான் தூங்கவெச்சாங்க. எழுந்தப்புறம் பொண்டாட்டியை நர்ஸுன்னு நெனச்சு, ரொம்ப மரியாதையாப் பேசிட்டிருந்தான். நாலு நாள். அவளுக்கு அது பிடிச்சுகூட இருந்துச்சு. ஆர்லிஸை நான் அப்படிப் பாத்தா அவ தாங்க மாட்டா. நானும்தான்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "முழுசா தூங்கவேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழ மட்டும் மரத்துப்போக வைக்கலாம். அதுலயும் ஆபத்து இருக்கு, மயக்க டாக்டர் வந்து விவரமாச் சொல்வார். முன்னாடி எந்த மயக்கம் வேணும்னு கேட்டப்ப உங்க மனைவிதான் பதில் சொன்னாங்க, நானும் எழுதிக்கிட்டேன். வேற வழி இருக்குன்னு உங்ககிட்ட சொல்லாம விட்டு ஏதாவது ஆகியிருந்தா, அது என் கவனக்குறைவு."

பிறகு அந்த மயக்க டாக்டரும் வந்தார். ரத்தக்கட்டி, சீழ், தலைவலி என்று எல்லாவற்றையும் இருவரும் எடுத்துச் சொன்னார்கள். லவர்ன் ஒவ்வொன்றாகத் தன் வாயால் திருப்பிச் சொல்லிவிட்டு, "அப்படின்னா சரி" என்றார்.

"எட்வின் கதையை என்கிட்ட சொன்னதே இல்ல," என்றாள் ஆர்லிஸ்.

"நீ விட்டாத்தானே," என்றேன்.

அவள் பல்செட் டப்பாவை என்னிடமிருந்து வாங்கி, தன் ஸ்வெட்டர் நுனியால் துடைத்துக்கொண்டேயிருந்தாள்.

பனி கரைந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை, லவர்ன் ஊன்றுகோல் இல்லாமல் மீன் சாப்பிட வந்தார். பக்கத்து மேஜை எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. பரிமாறுகிறவள் கேட்டதும் ஆர்லிஸ் வாய் திறந்தாள். திறந்த வாயில் ரொட்டியைத் திணித்துக்கொண்டாள். எனக்கு வந்த சூப் ஆறிப்போகும்வரை லவர்ன் சுவரில் இருந்த உணவுப் பலகையைப் படித்தார்.

"ஈரல். வெங்காயத்தோட."

வந்தது. மென்றார். மென்றுகொண்டேயிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஆர்லிஸ்.

"நல்லா இல்ல."

"எல்லாம் தெரிஞ்சுதானே ஒத்துக்கிட்டே?" என்று சொல்லிக்கொண்டே அவள் தன் காட் மீனைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் தூக்கினாள். அவர் தட்டுக்குப் பாதிவழியில் கை நின்றது.

"வேணுமா?"

"வேணும்," என்றார் லவர்ன்.