திங்கட்கிழமை பூட்டியிருந்த தீவு

1

இந்தக் கதை பிறந்ததற்கு ஒரே காரணம், மகேசன் ஒரு கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னதுதான்.

போன பெப்ரவரியில், ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில், வீட்டுக் குசினி மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மனைவி பூமணியின் யப்பான் பயணத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். யப்பானின் உள்கடலில் ஒரு சின்னத் தீவு. தீவு முழுக்க நவீன ஓவியம், சிற்பம், நூதனசாலைகள். ஞாயிறு பின்னேரம் போய் இறங்குவது, திங்கள் முழுநாளும் பார்ப்பது, செவ்வாய் விடியப் படகு. மிச்ச நாட்களை அவரே ஒசாகாவில் புத்த கோயில்களால் நிரப்பியிருந்தார்.

பூமணி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"திங்களிலை திறந்திருக்குமோ?"

"உமக்கென்ன விசரே? யப்பான்காரர் எப்பிடியான வேலைகாரர்! அவையள் பூட்டவே மாட்டினம்."

சொல்லி முடிக்க முதலே பட்டனை அமத்திவிட்டார்.

வாசகரே, கேட்டவள் யார் என்று கவனியுங்கள். ஒஸ்லோவில் ஒரு பெரிய நூதனசாலையில் பதினேழு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறவள். திங்கட்கிழமை அங்கே ஆட்களுக்குப் பூட்டு. அன்றைக்குத்தான் பெரிய மண்டபங்களின் நிலம் முழுவதும் அவள் பொறுப்பு. நூதனசாலைக்கும் திங்கட்கிழமைக்கும் உள்ள உறவு அவளுடைய முழங்காலுக்கே தெரியும். பதில் சொன்னவர் பஸ் சாரதி.

2

மகேசன் என்பது இதை எழுதுகிறவர்தான். மறைத்துப் பிரயோசனமில்லை. முதல் வரைவு 'நான்' என்றுதான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் முதல் பக்கத்தில் முப்பத்தொரு 'நான்', இரண்டே இரண்டு 'பூமணி'. யப்பானுக்குப் போனது யார் என்று வாசிக்கிறவர் குழம்பிவிடுவார். அதனால் எழுதுகிறவர் தன்னைப் பிடித்துக் கதைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். அங்கேயும் வாயடிக்கிறார் என்றால் என்ன செய்வது?

கைவிட்ட தொடக்கங்கள் இரண்டு, ஒரு சாட்சிக்கு:

"செம்மஞ்சள் சூரியன் யப்பானியக் கடலில் மெல்ல மெல்ல—"

(எழுதுகிறவர் அந்தக் கடலைக் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்த கடல் ஒஸ்லோத் துறைமுகம். அதுவும் பஸ் கண்ணாடிக்குள்ளால் தெரிகிற அளவு.)

"கலை என்றால் என்ன என்ற கேள்வி மனித குலத்தை ஆதிமுதல்—"

(இதை ஸ்ரனிஸ்லாஸ் வெட்டிவிட்டான். அதே பஸ் கொம்பனியில் ஓடுகிறவன். இங்கே எங்கள் தமிழ் ஆட்கள் வருடா வருடம் போடுகிற ஆண்டு மலருக்கு ஆசிரியனும் அவன்தான். "அண்ணை, மனித குலம் வேண்டாம். பூமணி அக்காவைப் பற்றி எழுதுங்கோ. ஏழு பக்கம். போன முறை உங்கடை கட்டுரையாலை வாழ்த்துச் செய்தி ரெண்டு வெளியிலை போனது.")

3

அக்காவைப் பற்றி.

அவள் ஏன் போக விரும்பினாள் என்று மகேசனுக்கு முதலில் விளங்கவில்லை. வேலைத்தலத்தில் யாரோ விட்டுப்போன புத்தகம் ஒன்றில் அந்தத் தீவைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு நீள அறை. வெள்ளைச் சுவர். உள்ளே ஒன்றுமில்லை, காலையிலிருந்து பின்னேரம் வரை வெயில் சுவரில் நகர்வதுதான் படைப்பு.

"ஒண்டுமில்லாத அறையைப் பாக்கிறதுக்கு யப்பானுக்கோ? பிள்ளை பேர்கனுக்கு வேலைக்குப் போனாப் பிறகு எங்கடை வீட்டிலையும் ஒரு அறை சும்மாதான் கிடக்கு."

அவள் சிரிக்கவில்லை.

"எங்கடை இடத்திலை புதுக் கண்காட்சி வந்தால் சனத்துக்கு முதல் நான்தான் பாக்கிறனான். ஆனால் கையிலை தும்புத்தடியோ துணியோ இருக்கும். கண் தூசியைத்தான் தேடும். ஒருக்கா வெறுங்கையோடை நிண்டு பாக்கோணும்."

"அப்ப அங்கையே டிக்கெட் எடுத்துக்கொண்டு போமன்."

"அங்கை ஏலாது. நிலத்தைத்தான் பாப்பன்."

"சரி. நானும் வரட்டோ?"

"நீங்கள் விளக்கம் சொல்லுவியள்."

[இந்த உரையாடலை எழுதுகிறவர் நாலு தடவை திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்திலும் மகேசனுக்கு ஒரு கெட்டித்தனமான பதில் கொடுத்துப் பார்த்தார். நடந்தது என்னவென்றால், அவர் எழும்பிக் கேத்திலை வைத்தார். தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தார்.]

4

ஏப்ரலில் அவள் போனாள். தனிய. ஐம்பத்தாறு வயதில், ஒரு முதுகுப்பையோடு.

விமான நிலையத்தில் கையசைத்துவிட்டுத் திரும்பிய மகேசன், ரொம்மன் வந்து சேருவதற்குள் மூன்று பேருக்குச் சொல்லிவிட்டார். பிறகு தமிழ்க்கடையில். பிறகு கோயிலில், அர்ச்சனைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு. பெருமை என்பது தடிமன் காய்ச்சல் மாதிரி. வந்தவன் வீட்டில் கிடக்காமல் வெளியே வந்து எல்லாரையும் பார்த்துத் தும்முவான். தூரமும் சொல்லச் சொல்ல வளர்ந்தது. முதல் நாள் எண்ணாயிரம் கிலோமீற்றர், கிழமை முடியப் பத்தாயிரம்.

"என்ன மகேசண்ணை, அக்கா உங்களிட்டையிருந்து தப்பி யப்பான் வரைக்கும் போட்டாவாம்?" என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

"ஓமடா. என்ரை மனுசி பத்தாயிரம் கிலோமீற்றர் தனியப் போனவ. உன்ரை மனுசி லூர்து உன்னை மீன்கடைக்குத் தனிய விடுறாளே?"



பூமணி திரும்பி வந்தாள். எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். "நல்லா இருந்தது," என்றாள். மகேசனுக்கும் அதே இரண்டு சொல்தான். மிச்சத்தை அவர் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார்.

5

அவளுடைய ஃபோனில் இருநூற்றுப் பதினான்கு படங்கள். கடல். மதில். மதிலின் மூலை. கொங்கிறீட்டில் வெயில். ஒரு கதவு. இன்னொரு கதவு. உட்பக்கம் ஒன்றிலுமில்லை. "உள்ளை படமெடுக்க விடமாட்டினம்," என்று மகேசன் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் விளக்கினார்.

ஜூனில் மகள் கம்சிகா விடுமுறைக்கு வந்தாள். பேர்கனில் தாதியாக வேலை செய்கிறாள். எதையும் பெரிதாக்கிப் பார்க்கிற பழக்கம் உண்டு. அம்மா ஃபோனை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்த நேரம் அந்தக் கதவுகளைப் பெரிதாக்கினாள்.

"அப்பா, இதிலை தொங்குற மட்டையிலை என்ன எழுதியிருக்கெண்டு பாத்தனீங்களே?"

"அது யப்பான் பாஷை, எனக்கென்னெண்டு—"

"ஃபோன் மொழிபெயர்க்கும். 'இண்டைக்கு விடுமுறை.' இதிலையும் அதுதான். இதிலையும். அப்பா, எல்லாம் ஸ்தெங்த், பூட்டு. முழுத் தீவும் பூட்டு."

மகேசன் கதிரையில் இருந்தார். முன்பே இருந்தபடிதான் இருந்தார். ஆனாலும் இன்னொரு தடவை உட்கார்ந்தது போல இருந்தது.

"அம்மாட்டைக் கேளுங்கோவன்."

"கேக்கிறன்."

"எப்ப?"

"ஒரு கதை எழுதிப்போட்டு."

"கேக்கிறது ஒரு வசனம்தானப்பா!"

வாசகரே, அந்த ஒரு வசனத்துக்குப் பயந்துதான் இத்தனை பக்கம். ஒரு பிறவியில் ஒரு தடவை வெறுங்கையோடு நின்று பார்க்கப் போனவளை, கதவுமட்டையைப் பார்த்துவிட்டு வரச் செய்தவர் இவர். அவளோ ஊரெல்லாம் இவர் விட்ட புழுகை ஒரு சொல்லாலும் உடைக்கவில்லை. பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? எழுதுகிறவர் இரண்டையும் செய்கிறார். பெருமை கொஞ்சம் கூட.

6

அந்தத் திங்கட்கிழமை அவள் என்ன செய்தாள்? மூன்று முடிவுகள் கைவசம் உண்டு.

அ) கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு யப்பானியப் பெண் நிலம் துடைக்கிறாள். வெளியே நிற்கிறவள் வாசற்படியின் மூலையைப் பார்க்கிற விதத்திலேயே இவளும் தன்னைப்போலத் துப்புரவுக்காரிதான் என்று உள்ளே நிற்கிறவள் கண்டுகொள்கிறாள். கதவு திறக்கிறது. நீள அறைக்குள் இரண்டு பேரும் பாஷை தெரியாமல், தோளோடு தோள்—

ஆ) இறங்குதுறையில் குந்தியிருந்து மகேசனை ஒரு மணித்தியாலம் தமிழில் ஏசுகிறாள். ஒரு பூனை முழுவதையும் கேட்கிறது.

இ) பூட்டிய கதவுகளைச் சுற்றிச் சுற்றி நடந்து, பூட்டிய கதவும் ஒரு கலைதான் என்று பின்னேரமளவில் தெளிகிறாள். (எழுதுகிறவருக்கு மிகவும் பிடித்தது இது. பழி ஒன்றும் அவர் தலையில் விழாது.)

பிடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.

7

மேலே உள்ள வணக்கம் வாபஸ்.

கதையை அனுப்பிய மறுநாளே ஸ்ரனிஸ்லாஸ் ரெலிபோன் எடுத்தான். "நல்லாத்தான் இருக்கு அண்ணை. அக்கா வாசிச்சவவோ?"

"இல்லை."

"அப்ப போடமாட்டன். பிறகு கடையிலை மறிச்சு வைச்சு என்னைத்தான் ஏசுவா."

ஆகவே சனிக்கிழமை மத்தியானம், காலை வேலை முடித்து வந்த பூமணி கால் இரண்டையும் இன்னொரு கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கையில், மகேசன் எதிரே இருந்து முதல் வரியிலிருந்து வாசித்தார். பதில் சொல்லிப் பட்டனை அமத்திய இடத்தில் அவள் தேத்தண்ணியை ஊதிக் குடித்தாள். கம்சிகா கதவைப் பெரிதாக்கிய இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். பூனைக்கு மட்டும் சிரித்தாள்.

"முதலாவது முடிவு பிழை," என்றாள் முடிவில்.

"ஏன்?"

"வேலை நேரத்திலை வெளியாளை உள்ளை விட ஏலுமே? நானெண்டாலும் விடன். அப்பிடி ஒருத்தி உள்ளை நிண்டவள்தான். கண்ணாடிக்குள்ளாலை கை காட்டினவள். நானும் காட்டினன். அவ்வளவுதான்."

"ரெண்டாவது?"

"ஏசேல்லை. பசி. சாப்பாட்டுக் கடையும் பூட்டு."

"மூண்டாவது?"

"அது நீங்கள் உங்களுக்காக எழுதினது."

மகேசன் தாள்களை அடுக்கினார். அடுக்கியதைத் திரும்பவும் அடுக்கினார். ஏதாவது பகிடி வருமா என்று பார்த்தார். 

"பூமணி, நான் உம்மடை பயணத்தைக் கெடுத்துப்போட்டனோ?"

(உண்மைதான். ஒரு வசனம்தான்.)

[இந்த இடத்தில் எழுதுகிறவர் ஒரு வரி இடம் விட்டு வைத்திருந்தார். 'சீச்சீ, அப்பிடியெல்லாம் இல்லை' என்று அவள் சொல்வாள்; அதை அப்படியே நிரப்பிக் கதையை முடிக்கலாம் என்று நினைத்திருந்தார். வரி சும்மா கிடக்கட்டும்.]

"ஓம்," என்றாள் பூமணி. "கெடுத்துப்போட்டியள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை, தடவிக்கொடுத்தும் சொல்லவில்லை. மகேசனுக்கு முகம் சுட்டது. அதோடு, ஏன் என்று கேட்காதீர்கள், நெஞ்சும் நிமிர்ந்தது. இவளைப் பற்றித்தானே கோயில் வரிசையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"வாசல் வரைக்கும் போய் உள்ளை போகேலாமல் நிண்டது எனக்கு இப்பவும் வயித்தெரிச்சல்," என்றாள். "அதுதான் நவம்பரிலை திரும்பப் போறன். எந்தெந்த நாள் திறப்பினம் எண்டு நானே ரெலிபோன் எடுத்து, இங்கிலிசிலை கதைச்சுக் கேட்டிட்டன். புதன் போய் இறங்கினால் ஞாயிறு வரைக்கும் நிப்பன். நீங்கள் வரவேண்டாம்."