மாமு வைத்த துண்டு

குளிப்பாட்டும் அறையின் கதவைப் பாதி திறந்து, முத்லக் மாமு பஷாயரை மட்டும் சைகையால் அழைத்தார். அவருடைய அங்கியின் முன்பக்கம் நனைந்திருந்தது. உள்ளே அவள் தம்பி தாரியின் உடலைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

“அவன் வயித்துல சின்னச் சின்னதா வெட்டு இருக்கு. இன்னும் சரியா ஆறல. என்னதும்மா அது?”

பஷாயர் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து அறையில் உம்மா, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் அழுதுகொண்டிருந்தார்.

தாரி இஸ்தான்புல் போய், உடம்பு மெலிய அறுவை செய்து இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு வந்தது பஷாயருக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் சுற்றுலா என்று சொல்லியிருந்தான். கத்தி வைத்து மெலிகிறவனெல்லாம் ஆம்பளையா என்று பாதிக் குவைத்துக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறவர் மாமு. அவனுக்குப் பெண் பார்த்தவரும் அவர்தான்.

வந்ததிலிருந்து அவனுக்குக் காப்பிக் கோப்பை அளவு வடிகட்டிய சூப்தான்; கெட்டியாக எதுவும் தின்றால் உள்தையல் பிரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான்.

“பூனை இதைவிட அதிகமாத் திங்கும்டா” என்றாள் ஒருநாள்.

“பூனைக்குக் கல்யாணம் பேசலையே, லாத்தா” என்றான் அக்காவிடம்.

நிச்சய விருந்து மாமு வீட்டில் நடந்தது. பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்தார்கள். மாமு ஆட்டுத் தொடையைக் கிழித்து, ஒரு துண்டை மாப்பிள்ளை முன்னால் வைத்தார். பெண்ணின் வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கையால் எடுத்து வைத்ததை ஒதுக்கினால் அந்தச் சபைக்கே அவமானம். தாரி ஒருமுறை சமையலறைக் கதவுப் பக்கம் பார்த்தான். அதன் பின்னால் நின்ற பஷாயர் வாய் திறக்கவில்லை. அவன் தின்றான். மாமு இன்னொரு துண்டு வைத்தார்.

மறுநாள் தோள் வலித்தது, காய்ச்சலும் அடித்தது. டாக்டரிடம் போகலாம் என்றாள். போனால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும், வெறும் வாயு என்றான். அவளும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

“எப்பப் பண்ணிக்கிட்டான்?” மாமுவின் குரல் தாழ்ந்திருந்தது. அது என்ன வெட்டு என்பது அவருக்கே விளங்கிவிட்டது.

ரொம்ப நாளாச்சு என்று சொன்னால் போதும். அவர் நிம்மதியாகத் தூங்குவார். கதவுக்குப் பின்னால் அவள் நின்றதும் யாருக்கும் தெரியாது.

“போன மாசம்.”

மாமு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு நான் வைக்கிறப்ப...”

“பாத்துக்கிட்டுதான் நின்னேன், மாமு.”



உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். தகப்பன் இல்லாத பையன்; முன்னால் தோள் கொடுக்க மாமுவுக்கு இடம் விட்டு நின்றார்கள். அவர் மறுத்துத் தலையசைத்து வேறொருவரைக் காட்டினார்.

வெயிலில் கூட்டம் வேகமாக நகர்ந்தது. மாமு செருப்பை மாட்டாமலே, கடைசி ஆளுக்கும் பின்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.